மூக்குக்கு இடம்விட்ட கோப்பை

என் கணவர் ஒரு கரண்டி கஸ்டர்டை விழுங்குவதைப் பார்க்க ஐந்து பேர் வந்து நின்றார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படி உற்றுப் பார்த்ததில்லை. அவர் விழுங்கியதும் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நாங்கள் கிளமெண்டியில் இருந்தோம். அவருக்குச் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ பிரிவில் வேலை. தீவின் இந்தக் கோடியில் வீடு, அந்தக் கோடியில் வேலை. பாதி ஆயுள் பஸ்ஸிலேயே போகிறது என்று அலுத்துக்கொள்வார். வீடு மாற்றலாம் என்று சொன்னால் மட்டும், கிளமெண்டி மார்க்கெட் மீன் வேறெங்கே கிடைக்கும் என்பார். ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன் நின்றுகொண்டே இருந்தார். என்ன இது என்று பக்கத்தில் போனேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

ஸ்ட்ரோக். ஆனால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். கையும் காலும் சீக்கிரமே வழிக்கு வந்தன. பேச்சும் வந்துவிட்டது. என்னைக் குறை சொல்லும் பேச்சு எல்லாவற்றுக்கும் முதலில் வந்தது. விழுங்குவது மட்டும்தான் வரவில்லை. வயிற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குப் போனது. அதனால் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு அதில் பாலை ஊற்றினார்கள்.

"நான் என்ன பெட்ரோல் டேங்கா?" என்று குழறிக் குழறிக் கேட்டார்.

அவருக்குப் பசியைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் தேயைப் பற்றித்தான். எங்கள் ஊரில் டீயைத் தே என்றுதான் சொல்வோம். சிராங்கூன் ரோட்டில் ஒரு சந்துக் கடையின் தேக்காக ஒவ்வொரு ஞாயிறும் கிளமெண்டியிலிருந்து பஸ் ஏறுகிறவர் அவர். மளிகை வாங்கத்தான் போகிறோம் என்று என்னிடம் சொல்வார். வாங்குவது ஒரு கட்டுக் கறிவேப்பிலையாக இருக்கும். மறுபடி அங்கே உட்கார்ந்து ஒரு தே குடிப்போமா என்பதுதான் அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி.

அந்த ஐந்து பேரைச் சொல்லிவிடுகிறேன். தலைக்கு மேல் வேலை இருந்தாலும் நிதானமாகப் பேசும் ஒரு சீன டாக்டர். ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்த இளம் ஸ்பீச் தெரப்பிஸ்ட், அவளும் சீனப் பெண். டயட்டீஷியன் ஒரு மலாய் அம்மாள். பிசியோ ஒரு பஞ்சாபிக்காரர். வார்டு நர்ஸ் நம் தமிழ்ப் பெண். பேச்சுதான் வந்துவிட்டதே, இந்தப் பெண் எதற்கு என்று நான் ஸ்பீச் தெரப்பிஸ்ட்டைக் கேட்டேன். பேசுவதும் விழுங்குவதும் அதே நாக்கு, அதே தொண்டைதானே ஆண்ட்டி என்றாள். வாரம் ஒருமுறை இவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே ஒரு மனிதனின் தொண்டையைப் பற்றிப் பேசுவார்கள். வேலை இல்லாதவர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கரண்டியில் கொடுத்ததையெல்லாம் அவர் ஒழுங்காக விழுங்கினார். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். தண்ணீர்போல் இருப்பது எதுவும் கூடாது, எதைக் குடித்தாலும் பாயசம்போல் கெட்டியாக இருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும் என்று விதிகள் போட்டார்கள். சோளமாவு சேர்த்துத் தேயைக் கெட்டியாக்க டயட்டீஷியன் எனக்குக் கற்றுக்கொடுத்தார். வேலை முடிந்து மாலையில் அதைப் பிளாஸ்கில் கொண்டுபோவேன்.

"இதுல சினிமா போஸ்டர் ஒட்டலாம்," என்றார் அவர். அதோடு கரண்டியும் வேண்டாம், பச்சைப்பிள்ளையா நான் என்று முறுக்கிக்கொண்டார். வீட்டிலிருந்து அவருடைய எவர்சில்வர் தம்ளரைக் கொண்டுபோய் அதில் ஊற்றிக் கொடுத்தேன்.

அங்கேதான் வினை. பகலெல்லாம் நன்றாக இருப்பவர் மாலையில் இருமினார். இருமல் காய்ச்சலானது. நெஞ்சில் சளி கட்டியிருந்தது. டாக்டர் கட்டில் ஓரமாக நின்று, குரலை உயர்த்தாமல், இன்னொரு முறை இப்படி வந்தால் வாய்வழியாக எதுவும் கிடையாது, மூக்கில் இல்லாமல் வயிற்றிலேயே குழாய் போடும்படி ஆகிவிடும் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனுஷன் அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு ஸ்ட்ரோக் வந்த அன்றுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

மறுநாள் மாலை அவர்களுடைய கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வார்டில் எல்லாம் சரியாக நடக்கிறதே, பிறகு ஏன் இருமுகிறார் என்று சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். கடைசியில் டயட்டீஷியன் மிக மென்மையாக என்னைக் கேட்டார். சில பேர் பாவம் பார்த்து வேறு ஏதாவது கொடுத்துவிடுவார்கள், தப்பில்லை, நீங்கள் அப்படி ஏதாவது...

நான் டெலிபோன் ஆபரேட்டர். முகம் தெரியாதவர்கள் நாளெல்லாம் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு 'பிளீஸ் ஹோல்ட் ஆன்' என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு நான் யாரையும் ஹோல்ட் பண்ணச் சொல்லவில்லை. என்னைத் திருடி என்கிறீர்களா, சோளமாவைக் கிண்டிக் கிண்டி என் கை தேய்ந்ததுதான் மிச்சம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் போய் முடித்தேன். பையிலிருந்து பிளாஸ்கையும் தம்ளரையும் எடுத்து மேசைமேல் டங்கென்று வைத்தேன்.

"இதுதான் தே. இதுதான் தம்ளர். நீங்க சொன்ன மாதிரி நிமிர்ந்துதான் உக்கார்றாரு. இப்படித்தான் குடிக்கிறாரு, பாருங்க!"

தேயைத் தம்ளரில் ஊற்றி, தலையை அண்ணாந்து, தம்ளரை உதட்டில் படாமல் உயரத் தூக்கி, மடக் மடக்கென்று வாய்க்குள் ஊற்றிக் குடித்துக் காட்டினேன். வாயைத் துடைத்துக்கொண்டு, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று நிமிர்ந்தேன்.

ஸ்பீச் தெரப்பிஸ்ட் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"ஆண்ட்டி," என்றாள். "ஒன்ஸ் மோர் லா."

நம்பிக்கை வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து இன்னொரு முறை குடித்தேன்.

"அங்கிளும் இப்படியா? கப்பை மேலே தூக்கியா?"

"பின்ன எப்படிக் குடிப்பாங்க? எங்க வீட்ல எல்லாருமே இப்படித்தான்."

தமிழ் நர்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, எங்க வீட்லயும் அப்படித்தான்! அவர் குடிக்கிறத நான் ரெண்டு தடவ பாத்தேன். எனக்கு அது வித்தியாசமாவே படலயே!"

நல்ல தொண்டை உள்ளவர்கள் எப்படிக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று தெரப்பிஸ்ட் விளக்கினாள். அவருடைய தொண்டை மூடுவதற்கு நேரம் எடுக்கிறது. தலையை அண்ணாந்தால், மூடுவதற்குள் எல்லாம் மூச்சுக்குழாய்க்குள் சரிந்துவிடும். முகவாய் நெஞ்சைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். கரண்டியைக் கண்டால் அவர் தானாகவே குனிவார். பகலில் வார்டில் எல்லாம் கரண்டியில்தான், அதனால்தான் இருமல் இல்லை. டயட்டீஷியன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன். கோபம் என்னவோ லிஃப்டில் இறங்கும்வரை தீரவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார். "வாய் வச்சா? எச்சில் பண்ணியா குடிக்கணும்?" ஆஸ்பத்திரிக் கோப்பையைக் கொடுத்தால் ஊரே வாய்வைத்தது என்றார். சொந்தத் தம்ளரைக் கொடுத்தால் கை தானாக மேலே போனது. பிசியோ பின்னால் நின்று பிடரியில் கையை வைத்து அழுத்தினார். தம்ளரில் பாதி காலியானதும் மீதியைக் குடிக்கத் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. விளிம்பு மூக்கில் இடித்தால் வேறு என்ன செய்வார், பாவம். கடைசியில் தெரப்பிஸ்ட் ஒரு புது பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து, மூக்கு இடிக்கிற இடத்தில் கத்தரிக்கோலால் அரைவட்டமாக வெட்டிவிட்டாள். கடைசிச் சொட்டுவரை குனிந்தபடியே குடிக்கலாம்.

"மூக்குக்கு ஜன்னல் வச்சிட்டாங்கடி," என்றார். மறுபடி கிண்டல் வந்துவிட்டது. எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

அவருக்குப் பழக வேண்டும் என்பதற்காக நானும் அப்படியே குடிக்க ஆரம்பித்தேன். மாலை நேரத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு குடிப்போம். பார்க்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

சில வாரம் கழித்து எக்ஸ்ரே அறையில் பரீட்சை வைத்தார்கள். வெள்ளையாக ஒரு பானத்தைக் குடிக்கக் கொடுத்து, அது தொண்டையில் இறங்குவதை டிவியில் பார்த்தார்கள். கெட்டியாக ஒன்று, பிறகு தண்ணீர்போல் ஒன்று. கனமான அங்கிகளை மாட்டிக்கொண்டு டாக்டரும் தெரப்பிஸ்ட்டும் உள்ளே நிற்க, மற்றவர்களோடு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் முகவாயைத் தாழ்த்தினார். வெள்ளைக்கோடு தயங்கி, பிறகு சரியான வழியில் இறங்கியது. பிசியோ கைதட்டிவிட்டார். குனிந்து குடிப்பதானால் இனி எதையும் கெட்டியாக்க வேண்டாம் என்றார் டாக்டர். வேலை இல்லாதவர்கள் என்று நான் நினைத்த அந்த ஐந்து பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

அடுத்த ஞாயிறு சிராங்கூன் ரோடு. கறிவேப்பிலை என்ற சாக்குகூட இல்லை. நேராகக் கடைக்குப் போய் உட்கார்ந்து, பையிலிருந்து கோப்பையை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, கோப்பை உடைஞ்சிருக்கே. நம்ம கிளாஸ்ல தரட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"உடையலப்பா. மூக்குக்கு வழி விட்டிருக்கு. நீ ஊத்து."

தே வந்தது. தண்ணீர்போல ஓடும் அசல் தே. அவர் உதட்டை வைத்து, முகவாயைத் தாழ்த்தினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தேன். ஒரு வாய். இன்னொரு வாய். இருமல் வரவில்லை.

பாதி குடித்துவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "சீனி பத்தல. நீயே பாரு," என்று கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து ஒருவர் வாய்வைத்ததை மற்றவர் குடித்தவர்களில்லை நாங்கள். அந்தக் கோப்பையை அண்ணாந்து குடிக்கவும் முடியாது, ஜன்னல் வழியாகக் கொட்டிவிடும். அவர் உதடு வைத்த இடத்திலேயே நானும் உதட்டை வைத்துக் குனிந்து குடித்தேன். சீனி சரியாகத்தான் இருந்தது.

"ஆமா, பத்தல," என்று சொல்லிவிட்டு இன்னொரு வாய் குடித்தேன்.