பெஞ்ச் அக்காவும் திரும்பித் திரும்பிப் பார்த்த பெண்ணும்

பெரிய கோச் வேறு கல்லூரிக்குப் போகிறார் என்ற செய்தி, முதல்வர் காதுக்கு எட்டும் முன்பே கேன்டீனுக்கு எட்டிவிட்டது. மனிதர் தனியாகவும் போகவில்லை. பெண்கள் கூடைப்பந்து அணியில் இருந்தவர்களிலேயே உயரமானவளையும், அவளுக்கு அடுத்தபடியாகப் புள்ளிகளைக் குவிக்கிற இன்னொருத்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அன்று மாலை பயிற்சிக்கு வந்த மற்ற பெண்கள் பந்தைத் தொடவில்லை. ஆடுகளத்தின் நடுக்கோட்டில் வட்டமாக உட்கார்ந்து, துக்க வீட்டில் இருப்பவர்கள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வட்டத்துக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் பெஞ்ச் அக்கா. துணைப் பயிற்சியாளர் என்பது அடையாள அட்டையில் இருந்த பட்டம். பெஞ்ச் அக்கா என்பது மாணவிகள் சூட்டிய பட்டம். அதே கல்லூரியில் படித்தபோது அவரும் அணியில்தான் இருந்தார், ஆனால் ஓரத்துப் பெஞ்சில். ஆள் குள்ளம், ஓட்டமும் சுமார். யாருக்காவது கால் பிசகினால்தான் அவருக்கு வாய்ப்பு. அவருடைய போதாத காலம், அந்த அணியில் எல்லோருக்கும் கால்கள் உறுதியாக இருந்தன.

வேறொருத்தியாக இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டே மாதத்தில் விலகியிருப்பாள். இவருக்கோ அந்தப் பெஞ்ச் பிடித்துப்போனது. பந்தைத் தவறவிட்டதும் ஒருத்தி தன் காலணியைக் குனிந்து பார்ப்பாள், இன்னொருத்தி நடுவரை முறைப்பாள், மூன்றாமவள் சிரிப்பாள். ஏன் அப்படி என்று இவருக்குத் தெரிந்தாக வேண்டும். படிப்பு முடிந்து கொஞ்ச காலத்தில் துணைப் பயிற்சியாளர் வேலை காலியானபோது, வேறு யாரும் விண்ணப்பிக்காததால் அவருக்கே கிடைத்தது. அதற்கப்புறம் பெரிய கோச்சுகள் வந்தார்கள், போனார்கள். இவர் இருந்த இடத்திலேயே இருந்தார். அவருடைய வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற எனக்கு, அடுத்தவர் முகத்தில் ஓடுவதெல்லாம் தெரிகிற பெண்டாட்டி வாய்த்திருக்கிறாள், வியாபாரத்துக்கு ஆகாத கண் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். பெரிய கோச்சின் இடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாமே என்று ஒப்புக்குக் கேட்டார். முன்னால் நிற்கிறவர் ஸ்கோரைப் பார்க்க வேண்டும், பெற்றோரைப் பார்க்க வேண்டும், முதல்வர் முகத்தையும் பார்க்க வேண்டும், அப்புறம் ஆட்டத்தை யார் பார்ப்பது என்று அக்கா மறுத்துவிட்டார். முதல்வர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதையும் அக்கா கவனித்துக்கொண்டார். புதுக் கோச் வரும்வரை அணியைக் கட்டிக் காப்பதும், போனவர்களுக்கு ஈடாகப் பள்ளிகளில் ஆள் தேடுவதும் அவர் தலையில் விழுந்தன.

பள்ளிகளுக்கு இடையிலான போட்டி நடந்த அரங்குக்கு அவர் போனது ஒரு நெட்டைப் பெண்ணைப் பார்க்கத்தான். எல்லாக் கல்லூரிக்காரர்களும் அவளுக்காகத்தான் வந்திருந்தார்கள். மேல் வரிசையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே இடம் இல்லாததால் அக்கா கீழே, தோற்றுக்கொண்டிருந்த அணியின் பெஞ்சுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அங்கேதான் வேறொரு பெண்ணைப் பார்த்தார்.

நடுத்தர உயரம், இறுக்கிக் கட்டிய முடி. பந்து எங்கேயோ இருக்கும்போதே கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தாள். முக்கியமாக இடது பக்கம். பந்து கைக்கு வந்ததும் யாரையும் பார்க்காமலே வீசினாள், அது சரியான இடத்துக்குப் போனது. ஆனால் அந்த இடத்தில் நின்றவள் அதை எதிர்பார்க்கவில்லை. பந்து முகத்தில் பட்டது, தோளில் பட்டது, வெளியே போனது. கூட ஆடியவர்கள் கத்தினார்கள், இவள் திரும்பக்கூட இல்லை. திமிர் பிடித்தவள் என்று பெஞ்சில் இருந்த ஒருத்தி முணுமுணுத்தாள். நல்லா ஆடுவா, ஆனா யாரோடயும் ஒட்ட மாட்டா என்று பள்ளி ஆசிரியரும் உதட்டைப் பிதுக்கினார்.

அக்காவின் மண்டைக்குள் வண்டு புகுந்துவிட்டது. அந்தப் பெண் அப்படி எதைத்தான் பார்க்கிறாள்? ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் போய்க் கேட்டார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். மேல் வரிசைக்காரர்கள் எல்லோரும் நெட்டைப் பெண்ணைச் சூழ்ந்து நிற்க, அக்கா இவளுடைய வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வீடு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. அப்பா நகரப் பேருந்து ஓட்டுபவர், வேலைக்குப் போயிருந்தார். அம்மா திரைச்சீலை தைப்பவர். அறையில் தரை தெரியாத அளவுக்குத் துணி. ஒரு குவியலை நகர்த்தித்தான் அக்காவுக்கு நாற்காலி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்ததும், ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பெண் எழுந்து சுற்றி வந்து அக்காவின் மறுபக்கம் உட்கார்ந்தாள். ஏன் இடம் மாறினாய் என்று அக்கா கேட்டார். அம்மா மிஷினை நிறுத்தினார்.

"அவளுக்கு இடது காது கேக்காதுங்க. சின்ன வயசுல ஜுரம் வந்து போச்சு. வெளிய சொல்லாதேன்னு என்னை மிரட்டி வச்சிருக்கா."

பெண் அம்மாவை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். முன்பு இருந்த பள்ளியில் காது விஷயத்தைச் சொன்னதும் அணியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அதனால் இந்தப் பள்ளியில் வாயே திறக்கவில்லை. கூப்பிடுகிற குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால், கூப்பிடும் முன்பே எல்லோரும் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம்.

தான் ஏதோ பிறவி மேதையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்திருந்த அக்காவுக்குச் சட்டென்று ஒரு சின்ன ஏமாற்றம். அடுத்த நொடியே, அந்தக் கண்ணை இவள் எப்படிப் பழக்கினாள் என்ற ஆர்வம் அதை விழுங்கிவிட்டது. எங்கள் கல்லூரிக்கு வா என்று அங்கேயே கேட்டார். அம்மா ஊசியில் நூலைக் கோத்தபடி நிதானமாக ஆரம்பித்தார்.

"அங்க இவளுக்கு யாரு சொல்லிக்கொடுப்பாங்க? நீங்களா?"

"புதுசா ஒருத்தர் வராங்க. அவங்க யாருன்னு எனக்கே இன்னும் தெரியாது."

"அவங்க இவளை வேண்டாம்னு சொன்னா?"

"சொன்னாலும் சொல்வாங்க."

"நீங்க இருப்பீங்களா?"

"நான் எங்க போகப்போறேன்? என்னைப் பெஞ்சுல இருந்து இதுவரைக்கும் யாரும் எழுப்பினதே இல்லைங்க."

அந்தப் பெண் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் பயிற்சியில் அக்கா தன் இடது காதில் பஞ்சை அடைத்து, மேலே பட்டையாக ஒட்டுப்போட்டுக்கொண்டு ஆட்டத்துக்குள் இறங்கினார். எதற்கென்று தெரியாமலே பெண்கள் அவரைச் சுற்றி நின்று கூப்பிட்டார்கள். சத்தம் கேட்கத்தான் செய்தது. ஆனால் எல்லாக் குரலும் வலது பக்கத்திலிருந்தே வருவது போலிருந்தது. அவர் வலது பக்கம் திரும்ப, இடது பக்கத்திலிருந்து வந்த பந்து பின்மண்டையில் பட்டுத் தெறித்தது. இன்னொருதடவை போடுங்கடி என்றார். இன்னொருதடவையும் பட்டது.

சொன்ன நாளுக்கு முன்பே வந்திறங்கிய புதுக் கோச் வாசலில் நின்று பார்த்தது இந்தக் காட்சியைத்தான். பெரிய அணிகளில் ஆடிப் பெயர் வாங்கிய பெண்மணி, நல்ல உயரம், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். காதில் பஞ்சோடு தலையைத் தடவிக்கொண்டிருப்பவர்தான் தன் துணை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். கதையை முழுதும் கேட்டபின், விடுதியும் படிப்பும் இலவசமாகக் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது நெட்டைப் பெண்ணுக்கு, உயரமே இல்லாத அணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றார். அதில் நியாயம் இருந்தது. அக்கா மறுத்துப் பேசவில்லை.

இருவரும் நெட்டைப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். அவளுடைய அப்பா வாசலுக்கே வந்து வரவேற்றார், டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். கடைசியில், போன வாரமே பழைய பெரிய கோச்சின் கல்லூரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்ற செய்தியையும் கொடுத்தார். திரும்பும் வழியில் காரை ஓட்டியபடி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் புதுக் கோச் கேட்டார்.

"அந்தப் பஞ்சுக் காதுப் பொண்ணு வீடு எந்தப் பக்கம்?"

அப்படித்தான் அவள் கல்லூரிக்கு வந்தாள். அவளுடைய திறமையைக் கண்டு யாரும் மயங்கிவிடவில்லை, வேறு ஆள் கிடைக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

காது விஷயத்தை அணியிடம் அவளே சொல்ல வேண்டும் என்று புதுக் கோச் சொல்லியிருந்தார். அவள் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒரு நாள் இடது பக்கத்திலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன அணித்தலைவி, பந்தை ஓங்கித் தரையில் அடித்துவிட்டு நேரே இவள் முன்னால் வந்து நின்றாள். அடிதடியில் முடியுமோ என்று அக்கா பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"எனக்கு அந்தப் பக்கம் கேக்காது" என்றாள் இவள்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலையறதுக்கு என்ன?" என்றாள் தலைவி.

அத்தோடு சண்டை முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து தலைவி கையைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தாள். மடக்கிய விரல்களுக்கு ஓர் அர்த்தம், விரித்த கைக்கு ஓர் அர்த்தம். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. சைகையைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் தூக்க வேண்டும். ஆகவே மற்றவர்களும் தலையைத் தூக்கி ஆடத் தொடங்கினார்கள். பந்து இப்போது யார் முகத்திலும் படவில்லை. இந்தப் பெண்கள் பேசாமலே ஆடுகிறார்கள், என்னவோ தில்லுமுல்லு என்று எதிரணி ஒன்று நடுவரிடம் புகார்கூடச் சொன்னது. அதற்காகக் கோப்பையெல்லாம் வந்துவிடவில்லை. முன்பு படுதோல்வி அடைந்த இடங்களில் கொஞ்சமாகத் தோற்றார்கள். கொஞ்சமாகத் தோற்ற இடங்களில் ஜெயித்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்துப் புதுக் கோச்சுக்கும் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது. முதலில் அக்காவிடம்தான் சொன்னார். கூடவே யாரையும் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றும் சொன்னார். முதல்வர் மறுபடி கூப்பிட்டார், இந்தத் தடவை உண்மையாகவே கேட்டார். அக்கா வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு வந்தார். அன்று மாலை எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் அவரிடம் வந்தாள். அக்காவின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யோசிக்காமல் நேர் எதிரே நின்றாள்.

"இருப்பேன்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்கக்கா."

"இருக்கேனே."

"பெஞ்சுல இருப்பீங்க. அடுத்து வர்றவங்க என்னை வேண்டாம்னு சொன்னா, அங்க உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பீங்களா?"

எத்தனையோ பேர் முகத்தைப் படித்த அக்காவுக்கு, தன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று தெரியாமல் போனதுதான் பெரிய சங்கடமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் யாருடைய கண்ணாடிக்கோ திருகு மாட்டிக்கொண்டிருந்தார். "பிடிக்கலன்னா திரும்பப் போய் உக்காந்துக்கோ. பெஞ்சை யாரும் தூக்கிக்கிட்டு ஓடிடப் போறதில்ல" என்றார். மறுநாள் காலையில் அக்கா முதல்வர் அறைக்குப் போய்ச் சம்மதம் சொன்னார்.

பெரிய கோச்சுக்கென்று ஓர் அறை இருந்தது. அதன் ஜன்னல் வழியே வண்டிகள் நிறுத்துகிற இடம் மட்டும்தான் தெரிந்தது. அக்கா அந்த அறையில் பந்துகளைப் போட்டுப் பூட்டிவிட்டு, தன் மேஜையை ஆடுகளத்தின் மூலைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

அவர் தலைமையில் நடந்த முதல் ஆட்டத்தில் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்கே புரியவில்லை. ஸ்கோரைப் பார்த்தார், பெற்றோரைப் பார்த்தார், பயந்தபடியே ஆட்டத்தில் பாதியைத் தவறவிட்டார். ஆனால் எழுந்து நின்றதால் இத்தனை காலம் தெரியாத ஒன்று தெரிந்தது. அதே ஓரக்கோட்டில் சற்றுத் தள்ளி நின்ற எதிரணிக் கோச் முகத்தை இரும்பு மாதிரி வைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு கையால் மறு கையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். ஜெயித்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு அப்படி என்ன பதற்றம்?

ஆட்டம் நூலிழையில் கைவிட்டுப் போனது. பெண்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தப் பதற்றம் எதற்கென்று எதிரணிக் கோச்சிடமே கேட்டுவிடுவதென்று அக்கா ஓரக்கோட்டோரமாக அவருடைய பெஞ்சை நோக்கி நடந்தார்.