அம்மாவுக்கு வாசித்த இன்லண்ட் கடிதம்

குடும்ப வரலாறு எழுதுகிறேன் என்று மகள் சொன்னதால் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு நீல இன்லண்ட் கடிதங்கள்.

அந்த வாசனை என்னைத் தாராவி வீட்டுக்கே இழுத்துப் போனது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஊரிலிருந்து அவள் தம்பி கடிதம் போட்டால், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருவாள்.

"ஏளா, மாமன் என்ன எழுதிருக்கான்? வாசி."

இந்தி மீடியத்தில் படித்த எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். அதைச் சொல்ல வெட்கம். "எல்லாரும் சுகமாம். ஊர்ல நல்ல மழையாம்" என்று கடிதத்தைப் பார்த்துக்கொண்டே அளந்துவிடுவேன். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

கல்யாணத்துக்குப் பிறகுதான் தமிழ் எழுத்து கற்றேன். இன்று ஒரு கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன்: "அக்கா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. உன்னையத்தான் கேக்காவ. ஒருதடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ."

அம்மா போகவே இல்லை.

தமிழ் வாசிக்கத் தெரியாத மகள் பேனாவோடு காத்திருந்தாள். "என்னம்மா எழுதியிருக்கு?"

"எல்லாரும் சுகமாம்" என்றேன்.