அத்தானுக்கு நீலமா, கறுப்பா

சுவிசில் நல்ல மணிக்கூட்டுக் கடைக்குள் போனால் முதலில் தண்ணீர் தருகிறார்கள். தட்டில் வைத்து, கண்ணாடிக் குவளையில். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்போம். கடைக்கு வந்தவளுக்குக் கொடுத்தால் அவள் மயங்கி விழப்போகிறாள் என்று அர்த்தம். என் முகம் அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று பயந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "டங்கே" என்று நன்றி சொல்லிக் குவளையை நீட்டினேன். வெள்ளைக் கையுறை போட்ட விற்பனையாளர் உடனே அடுத்த குவளையைக் கொண்டுவந்து வைத்தார். அதையும் குடித்தேன். மூன்றாவதும் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் வந்த விஷயத்தைச் சொன்னேன். என் அக்காவின் கணவருக்கு, என் அத்தானுக்கு, தண்ணீருக்குள் கட்டிக்கொண்டு இறங்குகிற மணிக்கூடு ஒன்று வேண்டும்.

போர் முடிந்த மறுவருடம் அது. நான் ஊரைவிட்டு வந்தபின் முதன்முதலாகத் திரும்பிப் போகப்போகிறேன். மற்றவர்களுக்கெல்லாம் சொக்கலேற்றும் சட்டைத்துணியும் போதும். அத்தானுக்கு அப்படி ஒன்றைக் கொடுக்க முடியாது. முதியோர் இல்லச் சமையலறையில் கிழங்கு சீவிச் சீவி நான் சேர்த்த காசு அவருக்கென்றே சேர்த்தது.

"இஸ்ட் எர் தவ்ஹர்?" என்றார் விற்பனையாளர். முக்குளிப்பவரா என்று கேட்கிறார். யா, யா என்றேன். எவ்வளவு ஆழத்துக்குப் போவார்? "ட்ரை மேற்றர்" என்று மூன்று விரலைக் காட்டினேன். இவளுக்கு எண் தெரியவில்லை என்று நினைத்துவிட்டார் பாவம். "ட்ரைசிக்?" முப்பதா என்று மெதுவாகத் திருத்தினார். இல்லையப்பா, மூன்றுதான். எங்கள் வாவியில் பல இடங்களில் அதுகூட இல்லை. அவர் குழந்தைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டு மணிக்கூடுகளை எடுத்து வைத்தார். ஒன்று இருநூறு மீற்றர் தாங்குமாம், மற்றது முந்நூறு. மட்டக்களப்பு வாவியை மடித்து மடித்து அடுக்கினாலும் அவ்வளவு ஆழம் வராது!

இருநூறு மீற்றர்காரன் கறுப்பு. அலங்காரம் ஒன்றுமில்லாத முகம், தடித்த வெள்ளைப் புள்ளிகள். முதுகுப்பக்கம் கண்ணாடி. அதைத் திருப்பிக் காட்டியபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன். உள்ளே பாதி நிலாப்போல் ஓர் இரும்புத் துண்டு, கையை அசைக்க அசைக்கச் சுழல்கிறது. பற்றரி கிடையாது, சாவி கொடுக்கவும் தேவையில்லை. கட்டியிருப்பவரின் கை அசைவதால்தான் ஓடுகிறது, கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும் என்றார். ஒரு மனிதன் நடந்து திரிவதைத் தின்று உயிர்வாழும் சாமான் ஒன்றை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். முந்நூறு மீற்றர்காரன் நீலம், பார்க்க இன்னும் வடிவு. விற்பனையாளருக்குப் பிடித்ததும் அதுதான். "டாஸ் மேர்!" என்று பெருமையாகச் சொல்லி விளக்கு வெளிச்சத்தில் சரித்தார். கடலாம். நீல முகத்தில் வரிவரியாகச் செதுக்கியிருந்த அலைகள் அசைந்தன. நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். விலையைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைத்து, மாதாமாதம் கட்டலாம் என்று ஆறுதல் சொன்னார் அந்த நல்ல மனிதர். விலை அல்ல, அந்த அலைதான் என்று சொல்ல என் ஜெர்மன் போதாது. நாளை வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

கல்லடிப் பாலத்துக்கு அங்கால், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில்தான் எங்கள் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். அப்படி வந்தவர் அத்தான். அந்த மார்கழிப் பூரணைக் காலையில் அவர் வாவியில் தோணியோடு நின்றிருக்கிறார். கடல் நிலத்துக்கு மேலாக ஏறி வந்து, வீடும் வேலியும் மனிதருமாக எல்லாவற்றையும் வாவிக்குள் கொட்டியது. அத்தான் தோணியை விட்டுவிட்டு முக்குளித்தார். முதலில் அகப்பட்ட கை என் அம்மாவின் கை. அம்மாவை ஒரு மரத்தில் ஏற்றிவிட்டு மறுபடி இறங்கினார். கூரைத்தகடும் முட்கம்பியும் கிடந்த அந்தக் கலங்கலுக்குள் மூச்சுப் பிடித்து இறங்கி இறங்கி ஆட்களைத் தூக்கினார். ஊரில் இன்றைக்கு நடமாடும் எத்தனையோ பேர் அவர் கையால் வந்தவர்கள். அவருடைய மகன், அக்காவின் மூத்தவன் நிரோசன், அவர் கைக்கு அகப்படவில்லை. பிறகும் கிடைக்கவில்லை.

அப்போது என் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. வெளியே போனால் திரும்பி வர முடியாது. தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து குழறி அழுததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. என் தாயைத் தந்துவிட்டுத் தன் பிள்ளையைப் பறிகொடுத்த மனிதருக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது? அந்தக் கேள்வியோடுதான் அத்தனை வருடமும் கிழங்கு சீவினேன்.

அன்று பின்னேரம் அத்தானின் கை அளவைக் கேட்க அக்காவுக்குப் போன் எடுத்தேன். தண்ணீருக்குள் ஓடுகிற மணிக்கூடு என்றதும் அக்கா இடைமறித்தாள்.

"அந்த மனிசனுக்கு அது எதுக்குகா? அவர் ஆத்துல இறங்கி அஞ்சு வருசமாகுது."

எங்கள் ஆட்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள், 'அடி' என்பதற்குக் 'கா' போடுவார்கள். எனக்கு விளங்கவில்லை. மாதம் தவறாமல் பேசுகிறோம், ஒருநாளும் சொல்லவில்லையே!

"சொல்லி என்ன செய்யிற? உனக்கு அங்க இரிக்கிற கவலை காணாதா? கரையில இரிந்து மத்தவனுகள்ற கிழிஞ்ச வலையப் பொத்திக் குடுக்கார். கால் நனையவும் ஒண்ணா எண்டிருவார்."

இதுதான் எங்கள் வழக்கம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஊரில் எல்லோரும் எப்போதும் நல்ல சுகம். ஊருக்கு நாங்களும் அப்படியே. இரண்டு பக்கமும் பொய்யைச் சொல்லித்தான் அன்பு வைத்திருக்கிறோம். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிடப் பார்த்தேன். வைக்காமல் கேட்டேன், வாங்கினால் நீலமா கறுப்பா?

"கறுப்பு மட்டும் வேணாம் வசந்தி. அண்டைக்குக் கடல் கறுப்பாத்தான் வந்த."

என் கணவர், பேசாமல் தோல்பட்டி வைத்த தங்கநிற மணிக்கூடு ஒன்றை வாங்கு என்றார். கலியாண வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகட்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி ஒன்றைக் கொடுத்தால், நீங்கள் முடிந்துபோன ஆள் என்று நானே அவருக்குச் சொன்னதாகாதா? தண்ணீர் மணிக்கூட்டைக் கொடுத்தால் புண்ணில் கையை வைத்ததாகும். அதிலும் ஒன்று அலை, மற்றது அலையின் நிறம். களுதாவளைப் பிள்ளையாரே, இந்த உலகத்தில் வேறு மணிக்கூடே இல்லையா என்று புலம்பிக்கொண்டே மறுநாள் அதே கடைக்குப் போனேன். தண்ணீர் வந்தது. குடிக்கவில்லை. நீலத்தைக் கையில் எடுத்தால் அலை அசைந்தது. அதை அந்த வீட்டுக்குள் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. கறுப்பைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பாதி நிலா சுழன்றது. அத்தான் இதைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது, அவ்வளவுதான். கறுப்பை வாங்கினேன்.

ஊரில் பெட்டியைத் திறந்தபோது அக்கா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அத்தான் கறுப்பு முகத்தை வெகுநேரம் பார்த்தார். நான் செத்துக்கொண்டிருந்தேன். பிறகு திருப்பினார், முதுகைக் கண்டார், கண் விரிந்தது.

"இஞ்ச பாருங்க மாமி, உசிர் இரிக்கி இதுக்குள்ள" என்று என் அம்மாவிடம் காட்டினார். கை அசைந்தால்தான் ஓடும் என்றேன். "நல்ல ஆள் புள்ள நீ. சும்மா இரிக்கிறவனுக்கு வேலை ஒண்டு கொண்டு வந்திரிக்காய்" என்று சிரித்தார். கட்டிக்கொண்டார். தண்ணீரைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

பயணம் முடியப்போகும் ஒரு பின்னேரம் வலையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது தண்ணிக்குள்ள ஓடுமெண்டு சொல்லித்தானே உன்னட்ட காசு வாங்கின?"

"ஓம் அத்தான்."

"வெள்ளக்காரன் உன்ன ஏமாத்திப்போட்டானோ தெரியா. காத்தான்குடியில எடுத்த சாமானெண்டா நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்திட்டு மாத்திரலாம். நீ போன மறுகா நான் ஆரிட்ட கேக்கிற?"

அக்கா ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தான் வாளியைப் பார்த்தார். "இதுக்கா இவள் அந்தக் குளிருக்குள்ள கிடந்து உழைச்சவள்?" என்று கேட்டுவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாவிப் பக்கம் நடந்தார். பின்னால் போனோம், அம்மாவும் வந்தார். கரையில் நின்றார் அத்தான். தண்ணீர் கால்விரலைத் தொட ஓரடி பின்வாங்கினார். தனக்காக என்றால் அவர் இறங்கியிருக்கவே மாட்டார். மச்சினிச்சியை யாரோ ஏமாற்றிவிட்டான் என்றால் அது வேறு கதை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பிறகு தலையும் இல்லை.

தண்ணீர் மூடிக்கொண்டது. அக்கா என் தோளை நகம் பதியப் பிடித்தாள். எவ்வளவு நேரமோ தெரியாது. நான் பிடித்திருந்த மூச்சு முடிந்து, இரண்டாம் மூச்சும் முடிந்தது. மனிதன் என்பவன் இவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருக்க முடியும் என்பதை முதன்முதலாக நேரில் பார்த்தேன். அம்மாவை எடுத்ததும் இப்படித்தானே. ஐயோ, இப்படித்தானே! எதிர்பார்க்காத தூரத்தில் தலை தெரிந்தது. கையை உயர்த்தி மணிக்கூட்டைக் காதில் வைத்தார்.

"ஓடுது புள்ள! ஏமாத்தல்ல!"

கத்தினவர் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுதார். அந்த ஐந்து வருடத்தில் அவர் அழுததைத் தான் கண்டதில்லை என்று பிறகு அக்கா சொன்னாள். அப்போது அவளுக்குச் சொல்ல நேரமில்லை. உடுத்த சேலையோடு தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டாள். அம்மாவும் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "இறங்குகா, ஏன் நிக்காய்?" என்று எனக்குக் கை நீட்டினார்.

என் தோளில் கைப்பை. அதற்குள் கடவுச்சீட்டும் சுவிஸ் அனுமதி அட்டையும். ஊருக்கு வந்த நாளிலிருந்து குளிக்கப் போகும்போதுகூட அதைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்ததில்லை. கரையில் வைக்கலாம், எடுக்க யாருமில்லை. வைக்க மனம் வரவில்லை. அப்படியே இறங்கினேன். ஒரு கை அம்மாவின் கையில், மறுகை பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீர்வரை போனேன்.