ஓடெட்டின் படகில் அரிசி மூட்டை

பள்ளிப் பேருந்தின் காலை நடையை ஓட்டி முடித்து நிறுத்தியதும், இருபது கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் கயாக் படகின் பின் இருக்கையில் உட்காரவைத்துப் பட்டை போட்டு இறுக்குகிறாள் ஓடெட். இரண்டு பேர் போகிற படகு. பின்னால் பாரம் இல்லாவிட்டால் வால் தூக்கிக்கொள்ளும். மதிய நடைக்கு இரண்டு மணிக்குள் திரும்பியாக வேண்டும்.

"என்னக்கா, வீட்டுக்காரர எறக்கிவிட்டுட்டு இவரக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்பான் படகுத்துறையில் தூண்டில்புழு விற்கும் ரூசெல்.

"இவரு வாயத் தொறக்க மாட்டாருப்பா. அதான் கொற."

இருபத்திரண்டு நவம்பர்கள் அந்த இருக்கையில் அவள் கணவர் க்ளோவிஸ்தான் இருந்தார். லூசியானாச் சதுப்பில் சைப்ரஸ் மரத்து இலைகள் செங்கல் நிறமாகி உதிர்வதற்குள் பத்துப் பதினைந்து நாள்தான் கெடு. அவள் படம் எடுக்க, அவர் தண்ணீருக்கு மேல் துருத்தி நிற்கும் வேர்க்கட்டையைக் கட்டிப்பிடித்துப் படகை நிறுத்திவைப்பார். மூச்சுகூட விடமாட்டார். போன வருஷம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து துறைப் பக்கமே வருவதில்லை. நாக்குக் குழறவில்லை, பேசத்தான் பிடிக்கவில்லை. மாத்திரை, சாப்பாடு, டிவி, அவ்வளவுதான்.

சாயங்காலம் காமிராவை மடியில் வைத்தால் மட்டும் மனுஷன் நிமிர்ந்து உட்காருவார்.

"அசங்கிருச்சு பாரு. நெழலு ரெண்டாத் தெரியுது. எந்த வேரப் புடிச்ச?"

"பெரிய மரத்துக்குக் கெழக்கால இருக்கே, அதத்தான்."

"அங்க தண்ணி இழுக்கும்டி, கூறுகெட்டவளே! நான் இருந்தா விட்டிருப்பேனா?"

அந்தத் திட்டுக்காகத்தான் அவள் பகலெல்லாம் ஏங்கிக் கிடக்கிறாள். அந்தக் கால் மணி நேரம் அவளுடைய பழைய க்ளோவிஸ் வீட்டில் இருக்கிறார். பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார்.

இன்று பொட்டுக் காற்று இல்லை. துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு அலை அடங்கக் காத்திருந்தாள். மரம் முழுக்கச் சிவப்பு; தண்ணீருக்குள் தலைகீழாக அதே சிவப்பு, ஓர் இலை பிசகாமல். எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி மூலைக்கு மூலை பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒன்று வாய்த்ததில்லை. குறை சொல்ல இதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

"இதுக்கு என்னத்தச் சொல்லுவாரு அவரு?" என்று வாய்விட்டே கேட்டாள்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அழித்தாள். இடுப்பை ஒரு வெட்டு வெட்டிப் படகை ஆட்டிவிட்டு, காமிராவை மறுபடி கண்ணில் வைத்தாள்.