ஏழுமலை சார் இரண்டாம் முறை கேட்ட கேள்வி

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகத் தொலைபேசியில் என் கணவர் கூப்பிட்டார். "விஜயா, நம்ம ஏழுமலை சார் போயிட்டாராம். கிளினிக்லயே, பேஷண்ட பாத்துக்கிட்டு இருக்கும்போதே. ஹார்ட் அட்டாக்னு சொல்றாங்க" என்றார். போனை வைத்த பிறகு எனக்கு உட்காரத் தோன்றவில்லை. வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். அந்த நடை இன்னும் நிற்கவில்லை. அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் உள்ளே வருகிறேன். இந்த நாலு வரியை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த அவருடைய பிசியோதெரபி கிளினிக்கில் உங்களில் பலரும் குப்புறப் படுத்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடி அண்ணாமலையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வந்தார். நம் ஊருக்கு அப்போது அந்தத் தொழில் புதிது. 'எக்சர்சைஸ் டாக்டர்' என்றோம். "நான் டாக்டர் இல்லீங்க" என்று ஒவ்வொருவரிடமும் திருத்துவார். யாரும் திருந்தவில்லை. நல்ல காற்றோட்டமான மாடி அறை கிடைத்தும் வேண்டாமென்று தெருமட்டத்து அறையைப் பிடித்தார். "மாடி ஏற முடிஞ்சவன் என்கிட்ட எதுக்கு வர்றான்" என்பார்.

நான் அங்கே போனது தொண்ணூற்றாறில். வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருப்பினேன். அவ்வளவுதான். இடுப்பில் பிடித்த வலி, தொடையின் பின்புறமாக இறங்கிப் பாதம்வரை சுட்டது. ஜவ்வு விலகிவிட்டது என்றார்கள். எண்ணெய் போட்டு உருவினார்கள். பலகையில் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். மூன்று வாரம் படுத்தேன். எழுந்தபோது படுத்ததைவிட மோசமாக இருந்தேன்.

"யாரு உங்கள படுக்கச் சொன்னது?" என்று கேட்டார் ஏழுமலை சார்.

"எல்லாரும்தான் சார்."

"எதுவும் விலகல மேடம். முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி வட்டு இருக்கு. அதுக்குள்ள இருக்கிறது, கொழுக்கட்டைய ஓரமா அமுக்கினா பூரணம் பிதுங்குமே, அந்த மாதிரி பிதுங்கி நரம்ப தொடுது. நெறைய பேருக்கு ஒடம்பே மெல்ல மெல்ல அத கரைச்சிடும். கத்தி வேணாம். ஆறு வாரம் பொறுங்க. ஆனா படுத்துக்கிட்டு பொறுக்காதீங்க, நடந்துக்கிட்டு பொறுங்க."

அன்றே அந்தச் சின்ன அறைக்குள் என்னை நடக்க வைத்தார். கூடவே அவரும் நடந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒருவருக்குக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அடுத்தவரிடம் பேசுவார்; பேசிக்கொண்டே ஜன்னல்வரை போய் வருவார். "கொஞ்சம் உக்காருங்க சார், எங்களுக்குத் தலை சுத்துது" என்று ஒரு லாரி ஓட்டுநர் சொன்னது நினைவிருக்கிறது.

நாலு வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. ஐந்தாவது வாரம் ஒரு நாள் தும்மினேன். முதுகில் ஏதோ தெறித்த மாதிரி இருந்தது. மறுநாள் வலி இரண்டு கால்களிலும் வந்தது. அதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டது வேறு. குளிக்கும்போது உட்காரும் இடத்தில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றியது தெரியவில்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றது, இறங்கவில்லை. அன்று மாலை கிளினிக்கின் பின்பக்கக் கழிப்பறையில் வெகுநேரம் இருந்துவிட்டு வெறுமனே திரும்பினேன்.

அவர் என்னை நுனிக்காலில் எழும்பி நிற்கச் சொன்னார். முடியவில்லை. தயங்கி, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போறதுல ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?" என்று கேட்டார். திரைக்கு அந்தப் பக்கம் நாலு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவரும் அங்கேதான் இருந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

மறுநாள் காலை, பால் வாங்கிவந்த பாத்திரத்தை இன்னும் அடுப்பில் வைக்கவில்லை, வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. ஏழுமலை சாரும் அவர் மனைவி கஸ்தூரியும். அவர் உள்ளே வரவில்லை. தெருவில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். கஸ்தூரி நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவரு ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருந்தாரு. அந்தம்மா பொய் சொல்லுதுனு தோணுது, நீ வந்து கேளுன்றாரு. சொல்லுங்கக்கா. ஒண்ணுக்கு வருதா?"

எனக்கு அழுகை வந்தது. "நேத்து மத்தியானத்துல இருந்து வரல கஸ்தூரி" என்றேன்.

அவள் வாசலுக்குப் போய்ச் சொன்னதும் அவர் என் கணவரைக் கூப்பிட்டு, உடனே கார் பிடித்து வேலூருக்குக் கிளம்பச் சொன்னார். "இன்னிக்கே ஆபரேஷன் பண்ணியாகணும். சிறுநீருக்குப் போற நரம்புங்க நசுங்கிக்கிட்டு இருக்கு. லேட்டானா திரும்பாது."

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆபரேஷன் வேணாம்னு அஞ்சு வாரமா நீங்கதான சார் சொன்னீங்க? இப்ப நீங்களே வந்து நிக்கிறீங்க."

"ஆமாங்க. அன்னிக்கு வேணாம். இன்னிக்கு வேணும். ரெண்டையும் நான்தான் சொல்றேன். என்னை அப்புறமா திட்டுங்க, மொதல்ல வண்டிய எடுங்க."

அவரும் காரில் ஏறினார். வேலூர் போய்ச் சேரும்வரை முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி, "கட்டைவிரல் அசையுதா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அன்று மதியமே அறுவை சிகிச்சை நடந்தது. சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். மூன்று மாதம் சிறுநீர்க் குழாயோடும் துணியோடும் பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டாம். நான் மீண்டேன். இடது பாதத்தின் வெளி ஓரம் மட்டும் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. என் கணவர் அவரை அப்புறமும் திட்டவில்லை.

ஆனால் அவர் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் அலுவலகம் திரும்பியதும் ஒரு காகிதத்தோடு வந்தார். "வாயால சொல்ல முடியாதத டிக் போட்டா போதும்னு ஒரு பேப்பர் வெக்கலாம்னு இருக்கேன். நீங்க டைப் அடிச்சுத் தாங்க. எந்த வார்த்தைய உங்களால சொல்ல முடியலன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அதில் 'சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போயிருக்கிறதா' என்று எழுதியிருந்தார். "எங்க தெருவுல எத்தன பொம்பளைங்க சார் சைக்கிள் ஓட்டுறாங்க?" என்று கேட்டேன். அந்த வரியை அடித்துவிட்டு, 'பாயில் உட்கார்ந்தால் தரையில் படும் இடம்' என்று மாற்றினோம். ஆறு கேள்விக்கு மூன்று மாலை சண்டை போட்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கஸ்தூரி தனியே உட்கார்ந்து படித்துக் காட்டுவாள். அப்படி இரண்டு பெண்களை அவர் உரிய நேரத்தில் வேலூருக்கு அனுப்பியது எனக்குத் தெரியும். ஒருத்தி போன வியாழக்கிழமை அவர் வீட்டுக்கு வந்திருந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றே இருந்தாள்.

அன்று கஸ்தூரி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"காலையில நெஞ்ச தடவிக்கிட்டே சட்டை போட்டாருக்கா. என்னாங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, கேஸுனு சொன்னாரு. நானும் டிபன் கட்டப் போயிட்டேன். ஒரு தடவைதான்க்கா கேட்டேன்."

தன் விஷயத்தில் அவரும் என்னைப் போலத்தான் பதில் சொல்லியிருக்கிறார் என்பதை நினைத்தால் கோபமும் வருகிறது. அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது?

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது உடற்பயிற்சி அல்ல. அதை நான் ஒழுங்காகச் செய்வதும் இல்லை. ஒருவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்ன பிறகும், அவமானத்துக்கோ பயத்துக்கோ இடம் விட்டு, இன்னொரு தரம் போய்க் கேட்கிற பொறுப்பு, அதுதான் மிஞ்சியிருக்கிறது. இந்த ஒரு வாரமாகக் கஸ்தூரி வீட்டுக்குத் தினமும் போகிறேன். சாப்பிட்டாயா என்கிறேன். சாப்பிட்டேன் என்கிறாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் கேட்கிறேன்.