மருமகளிடம் மட்டும் வேறு குரல்

அன்று ஹாலில் இருந்தவர்கள்: நான், மருமகள் செல்வி, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த அவளுடைய அம்மா, என் நாத்தனார் கஸ்தூரி, தெருப் பெண்கள் சிலர். ஆண்களை வாசல் ஷாமியானாவுக்குத் துரத்தியாயிற்று. இன்னொருவரும் இருந்தார் — செல்வியின் வயிற்றுக்குள். விழாவே அவருக்குத்தானே!

வளைகாப்பு. வளையல் சத்தம் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள்.

சாயங்காலம் ரயில். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள். எனக்கு ஒரே கவலை... கேஸை மூடினேனா என்று எங்கள் ஊர் புதுவாயல் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான்! ஆனால் இது வேறு. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் செல்வி என்னிடம் மனம்விட்டுப் பேசியதில்லை. கேட்டால் பதில், அவ்வளவுதான். போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டால்?

கஸ்தூரி வளையல் போட வந்தாள். வயிற்றைப் பார்த்து ஒரு சத்தம்: "இன்னாடா, உள்ள தூங்கிக்கினு கீறியா? இங்க எம்மாம் பேரு வந்துகீறோம், எந்திரிடா!"

செல்வி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அடுத்து என் முறை. "செல்வி, கையை நீட்டும்மா. நல்லபடியாகப் போய்விட்டு வர வேண்டும்" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர். வளையல் இறுக்குகிறதா? வயிறு வலிக்கிறதா?

"ஒண்ணுமில்ல அத்தே. எல்லார்ட்டயும் சிரிச்சுப் பேசுதிய. எங்கிட்ட மட்டும் ஏன் நியூஸ் வாசிக்க மாரி பேசுதிய? எம் பேச்சு உங்களுக்குப் புடிக்கலையோ? வேலைக்கு வந்த புதுசுல ஹாஸ்டல்லயும் இப்படித்தான்... நான் வாயத் தொறந்தாலே சிரிப்பாளுவ. அதான் இங்க பேசவே பயம்."

கஸ்தூரி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். என் மகனும் செல்வியும் தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துக் காதலித்தவர்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அவன் என்னிடம், "ம்மா, அவுங்க முன்னாடி இன்னா, துன்னுன்னு பேசாத. சினிமா ரவுடி ஊடுன்னு நெனைச்சிக்கப் போறாங்கோ" என்றான். நான் எட்டாவதோடு நின்றவள். பேங்க்கிலிருந்து போன் வந்தாலே என் குரல் புடவையைச் சரி செய்துகொள்ளும். அன்று சரி செய்ததுதான், மருமகளிடம் மட்டும் இன்றுவரை தளர்த்தவேயில்லை!

அதாவது, நான் அவளுக்குப் பயந்தேன். அவள் எனக்குப் பயந்தாள். ஒரே சமையலறையில்!

"அய்யோ கண்ணு, உன் பேச்சு புடிக்காம இல்லடி. என் பேச்ச கேட்டா நீ இன்னா நெனைப்பியோன்னு எனக்குத்தான் பேஜாரு!" வாய் தானாகவே அவிழ்ந்துவிட்டது.

செல்வியின் அம்மா சிரித்தார். "நல்லாருக்கே மைனி! உங்க நாத்தனார் பேசுத மாரியே இவ போன்ல பேசிக் காட்டுவா. வீட்டுல எல்லாரும் ஸ்பீக்கர்ல போட்டுல்லா கேப்போம்."

ஸ்டேஷனுக்குப் போகக் காரில் ஏறும்போது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கன எங்காளுவ பேச்சு மட்டுந்தான் புள்ளைக்குக் கேக்கும். நீங்க வாய்ஸ் மெசேஜ் போடுங்க அத்தே, வயித்துகிட்ட வைக்கேன். ஆச்சி குரலு அதுக்குத் தெரிய வேண்டாமா?"

மறுநாள் காலை. போனைப் பிடித்துக்கொண்டு பேசுவேன், அழிப்பேன், மறுபடி பேசுவேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன்: "இன்னாடா கண்ணு, உங்கம்மா நாஷ்டா துன்னாளா? ஆயா பேசறேன்டா..."

நீல டிக் வந்தது. பதிலைக் காணோம். அவ்வளவுதான், எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் செல்வியின் குரல், பின்னால் வளையல் சத்தத்தோடு: "அத்தே, உதைக்கான்! இன்னொருக்கா சொல்லுங்க!"

இனிமேல் என் வாயை யார் மூடுவது?