தண்ணி விழுதா என்று நான் கேட்ட அந்தப் போன்

திருமலை முருகன் சந்நிதிக்குக் கிருத்திகைதோறும் வருகிற அத்தனை பேருக்கும் இலத்தூர் செல்வி எழுதிக்கொள்வது. முருகன் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும் என்று நம் பஜனைக் குழுவில் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். முருகன் செய்ததை எழுதினால் நான் செய்ததையும் சேர்த்து எழுத வேண்டுமே, அந்தப் பயம்தான்.

போன வருடம் ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. என் வீட்டுக்காரர் ஓட்டிப்போன லோடு வேன் குற்றாலம் சாலையில் ஒரு புளியமரத்தில் மோதியது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அந்தப் போனின் மறுமுனையில் இருந்தவள் நான்.

அவர் தென்காசியிலிருந்து பழம் ஏற்றிப்போய்க் குற்றாலத்துக் கடைகளில் இறக்குகிறவர். சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு மூன்று நடை இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சாரல் தொடங்கிவிட்டால் வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று நம் ஞாபகம் வந்துவிடும். "தண்ணி விழுதா?" என்று கேட்டுப் போன் மேல் போன். எனக்கு அதில் ஒரு பெருமை. என் வீட்டுக்காரர் தினமும் அருவிப் பக்கம் போகிறவர் ஆயிற்றே! உடனே அவரைக் கூப்பிட்டுக் கேட்டு, நேரில் பார்த்தவள் மாதிரி பதில் சொல்லுவேன்.

அதோடு எனக்கு இன்னொரு குணமும் உண்டு. அவர் வீட்டைவிட்டுக் கிளம்பினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. செங்கோட்டை தாண்டியாச்சா, தென்காசி வந்தாச்சா, சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எடுக்கவில்லை என்றால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது என் முகத்தைப் பார்க்க முடியாது. பாவம் மனுஷன், கல்யாணமான புதிதில் "வண்டி ஓட்டும்போது எப்படிட்டி எடுக்க?" என்று கேட்டுப் பார்த்தார். நான் விடவில்லை. பிறகு எந்த வளைவில் இருந்தாலும் இரண்டாவது மணிக்கு எடுக்கப் பழகிக்கொண்டார். அதை நான் பாசம் என்று நினைத்திருந்தேன்.

அன்று காலை மதுரையிலிருந்து என் அக்கா கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குளிக்க வருகிறார்களாம், தண்ணீர் விழுகிறதா என்று கேட்டாள். நல்லா விழுது என்றேன். "நீ போன தடவையும் இப்படித்தான் சொன்ன. வந்து பாத்தா நூலு மாதிரி ஒழுகிட்டுக் கெடந்துச்சு" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருக்கு வீடியோ கால் போட்டேன்.

"ஏங்க, அருவிய இதுல காட்டுங்க. அக்கா நம்பமாட்டேங்கா."

"ஓட்டிட்டு இருக்கேம்ட்டி. நிப்பாட்ட எடமில்ல, பின்னால பஸ்ஸு வருது."

"ஒரு நிமிசம் சும்மா காட்டுங்களேன். என்ன கொறஞ்சா போயிரும்?"

அவர் போனை மலைப் பக்கம் திருப்பினார். கண்ணாடியில் சாரல், அதைத் துடைக்கும் வைப்பர், அதற்கு அப்பால் மலையில் வெள்ளையாகப் பேரருவி. பார்த்தேன். நன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி "ஐயோ" என்று ஒரு சத்தம். படம் சுழன்றது. பெரிய இடி போல ஒன்று கேட்டது. பிறகு போனில் வானம் மட்டும் தெரிந்தது. அதன்மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன். அவர் பெயரைச் சொல்லி வாழ்நாளில் முதல் தடவையாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்தப் பக்கம் ஆட்கள் ஓடிவருவதும், ஒரு குழந்தை வீறிட்டு அழுவதும் கேட்டது. எவ்வளவு நேரமோ தெரியவில்லை, குளிக்க வந்த மலையாளி ஒருவர் ஈரத் தலையோடு போனை எடுத்துப் பார்த்தார். "சேச்சி, பேடிக்கண்டா. ஆளுக்கு உயிர் உண்டு" என்றார். பயப்படாதே என்கிறார் என்று புரிந்தது. முருகா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முன்னால் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு பைக்கில் போயிருக்கிறார்கள். மழையில் அவர்கள் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைச் சாலைக்குத் திருப்பியபோது பைக் வேனின் மூக்கை ஒட்டி இருந்திருக்கிறது. சட்டென்று ஒடித்து மரத்தில் விட்டுவிட்டார். அந்தக் குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அழுதது பயத்தில்தான். அந்த அழுகை இப்போதும் என் காதில் இருக்கிறது.

அவருக்கு வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். நினைவு எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது, மூன்று நாள் பார்க்கலாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு நான் முருகனிடம் வேண்டாத வேண்டுதல் இல்லை. மொட்டை போடுகிறேன், பால்குடம் எடுக்கிறேன், வேல் சாத்துகிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். எதுவும் மனதில் ஒட்டவில்லை. ஏனென்றால் நான் அங்கே ஒரு பொய்யோடு உட்கார்ந்திருந்தேன். விபத்தை அந்த மலையாளிதான் கூப்பிட்டுச் சொன்னார் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். என் கொழுந்தன் வருகிறவர்களிடமெல்லாம், "போன் பேசிட்டே ஓட்டிருக்கான். அந்த நேரத்துல எந்த மூதேவி கூப்பிட்டுச்சோ" என்று பொருமிக்கொண்டிருந்தார். அந்த மூதேவி அவருக்குப் பக்கத்தில்தான் தலையைக் குனிந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. அக்கா குளிக்க வருவதாகச் சொன்ன அதே நாள். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மத்தியானம் எனக்குத் தாங்க முடியவில்லை. என் மாமியார் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்கள். அவர்கள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, நாந்தான் கூப்பிட்டேன். அருவியக் காட்டச் சொன்னேன். நாந்தான் அவங்கள இப்படி ஆக்கிட்டேன்."

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். பிறகு இடுப்பிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து என் மடியில் வைத்தார்கள்.

"அன்னிக்குக் காலைல நானும் ரெண்டு வாட்டி கூப்பிட்டேம்மா. வெத்தல வாங்கிட்டு வரச் சொல்ல. அவன் எடுக்கல. எனக்கு எடுத்திருந்தாம்னா நாந்தான் அந்தப் பாவி."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். மூன்று நாளாக அவர்களும் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அழுது முடித்தபோது என் வாயில் வேறு வேண்டுதல் வந்தது. "முருகா, இவர் பிழைத்து வந்தால், வண்டி ஓட்டுகிற நேரத்தில் இனி நாங்கள் கூப்பிடமாட்டோம். என் பயத்தை இனி இவர் காதில் கொட்டமாட்டேன். உன் காலில் கொட்டுகிறேன்." அத்தையும் கூடவே சொன்னார்கள். மொட்டையைவிட இது எனக்குக் கஷ்டமான வேண்டுதல் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் நாலு மணிக்கு நர்ஸ் வந்து கூப்பிட்டார். உள்ளே என் வீட்டுக்காரர் கண் திறந்திருந்தார். நான் கிட்டே போய்க் குனிந்தேன். உதடு அசைந்தது.

"ஏட்டி... தண்ணி நல்லா விழுது. ஒங்க அக்காட்ட சொல்லிரு."

சாவின் வாசல்வரை போய்விட்டு, நான் கேட்ட கேள்விக்குப் பதிலோடு திரும்பி வந்திருக்கிறார். முருகா, நீ அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தாய்.

கால் சேர ஏழு மாதம் ஆனது. இப்போது மறுபடியும் வண்டி ஓட்டுகிறார். நடந்ததைப் பேசும்போது, "நீ கூப்பிட்ட. சரி. எடுத்தது நானுல்லா?" என்பார். அதுவும் உண்மைதான். இப்போது வண்டி கிளப்புமுன் போனை அணைத்து இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டியில் போட்டுவிடுகிறார். நிறுத்தி இறங்கினால்தான் அது கைக்கு வரும்.

வேண்டுதலை நிறைவேற்றுவது சுலபம் என்று சொல்லமாட்டேன். இந்த ஆடியில் ஒரு நாள், ஐந்து மணிக்கு வர வேண்டியவர் ஆறரை ஆகியும் வரவில்லை. நல்ல காற்று, மழை. கை தானாகப் போனுக்குப் போனது. அத்தை என் போனைப் பிடுங்கி, தன்னுடையதையும் சேர்த்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். "கும்பிடுட்டி" என்றார்கள். விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். கண் அரிசி டின் பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை. ஏழு மணிக்கு அரிசிக்குள்ளிருந்து போன் அடித்தது. மரம் விழுந்து வழி அடைத்துவிட்டதாம். "வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான் பேசுதேன். பயப்படாத" என்றார். நம்பிக்கை என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

உங்கள் வீட்டிலும் வண்டி ஓட்டுகிற ஒருவர் இருப்பார். கணவரோ, மகனோ, மகளோ. அவர்கள்மேல் உள்ள பாசத்தில்தான் கூப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு முருகனைக் கூப்பிடுங்கள். அவன் எந்த வண்டியையும் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

இந்த சீசனிலும் அக்கா போன் போட்டாள், தண்ணி விழுதா என்று. "அவங்க வீட்டுக்கு வரட்டும், கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தண்ணீர் நன்றாக விழுகிறதாம்.